“ஆயிடும் சார்” என்றால் என்ன அர்த்தம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோவையில் ஒரு கட்டுமான கம்பெனியில் சைட் இன்ஜினீயராக இருந்தேன். போன மாதம் நான்கு மாடி ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றுக்கு என்னை ப்ராஜெக்ட் இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். வயது 31. டிராயிங், எஸ்டிமேட், ஷெட்யூல் எல்லாம் எனக்கு வரும். ஆட்களை வைத்து வேலை வாங்கத்தான் தெரியவில்லை. மேஸ்திரிக்கு என் அப்பா வயது. எதைக் கேட்டாலும் “ஆயிடும் சார்” என்கிறார், சொன்ன நாளில் ஆகியிருப்பதில்லை. சத்தம் போட்டால் இன்னும் மோசமாகிறது. இதையெல்லாம் எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

பதில்: “ஆயிடும் சார்” பொய் இல்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்துக்கு நேராக “ஆகாது” என்று சொல்வதை அவர் மரியாதைக் குறைவாக நினைக்கிறார். முப்பது வருஷம் சைட்டில் நின்று நான் புரிந்துகொண்டது இது: “ஆயிடும்” என்றால் முயற்சி செய்கிறேன், “பார்த்துக்கலாம்” என்றால் இப்போது அந்தப் பேச்சு வேண்டாம், “ரெண்டு நாள் கொடுங்க” என்றால் எத்தனை நாள் ஆகும் என்று எனக்கே தெரியவில்லை. இதைப் புரிந்துகொண்டால் கோபம் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி நீங்கள் கேட்கிற கேள்வியில் இருக்கிறது.

“வெள்ளிக்கிழமை ரூஃப் கான்கிரீட் போட்டுடலாமா?” என்று கேட்டால் “போட்டுடலாம் சார்” என்பதைத் தவிர அவர் வேறு எதைச் சொல்வார்? அதை விட்டுவிட்டு காலை டீ வருகிற நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், கையில் நோட்டு வேண்டாம். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்குகிற பலகையும் முட்டும்) எந்தத் தூண் வரைக்கும் வந்திருக்கிறது, நாளைக்குக் கம்பி கட்ட எத்தனை பேர் வருகிறார்கள், எலெக்ட்ரீஷியன் பைப் போட்டு முடித்துவிட்டாரா, இன்னும் என்ன சாமான் வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு “ஆயிடும்” என்பது பதிலாக வராது. ஆறு பேர் வர வேண்டிய இடத்தில் மூன்று பேர்தான் வருகிறார்கள் என்று அவர் வாயிலேயே வந்துவிட்டால், வெள்ளிக்கிழமை நடக்காது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும், யாரும் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. அப்புறம் “அண்ணே, அப்போ ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்கலாமா, இல்ல கூட ஆள் கேட்கலாமா?” என்று கேளுங்கள். முடிவில் அவருக்கும் பங்கு இருந்தால்தான் அந்தத் தேதி அவருடைய தேதியாகும்.

சத்தம் போடுவதைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கும் உங்கள் வயதுதான் அப்போது. ஒரு அப்பார்ட்மென்ட் வேலையில் எலெக்ட்ரிக்கல் ஆள் ஒருவர் அரை நாள் லேட்டாக வந்ததற்காகப் பதினைந்து பேர் முன்னால் அவரைக் கண்டபடி பேசிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து இரண்டாம் மாடி ஸ்லாப், அதாவது கான்கிரீட் தளம் போடும் நாள். கம்பி கட்டி முடிந்திருந்தது, கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவருகிற ரெடிமிக்ஸ் லாரி வாசலில் நின்றது, அது வந்தால் கலவை இறுகுவதற்குள் கொட்டியாக வேண்டும். ஒரு பெட்ரூமில் ஃபேன் பாக்ஸும் அதற்கான பைப்பும் போடாமல் விட்டுப்போயிருப்பதை அந்த மனிதர் பார்த்துவிட்டார். என்னிடம் வந்து சொல்லவில்லை. சொன்னால் மறுபடி எல்லார் முன்னாலும் ஏச்சு விழும் என்று பயம். கான்கிரீட் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, கீழிருந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்லாப்பைக் கொத்தி, பைப் இழுத்து, பூசி மறைக்க நாலு நாள் போனது. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருபது நிமிஷ வேலை. அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் வந்ததில்லை, அந்த வார்த்தை வர முடியாமல் வழியை அடைத்தவன் நான்தான்.

ஆட்களோடு பழகும் திறமை என்று நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி என்னைப் பொறுத்தவரை இது ஒன்றுதான்: கெட்ட செய்தி உங்களிடம் சீக்கிரமாக வர வேண்டும், அதைக் கொண்டுவருகிற ஆளுக்குப் பயம் இருக்கக் கூடாது. சிரித்துப் பேசுவது, தோளில் கை போடுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1964 டிசம்பரில் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது சீரமைப்பு வேலை ஸ்ரீதரனிடம் வந்தது, பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர். அப்போது அவருக்கு 32 வயது, உங்களைவிட ஒரு வயதுதான் கூட. ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம், மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார், வேலை முடிந்தது 46 நாளில். புயல் அடித்துக்கொண்டு போன கர்டர்கள் (பாலத்தின் இரும்பு விட்டங்கள்) கடலுக்கடியில் கிடக்கிற சேதி மீனவர்களிடமிருந்து வந்தது. அவற்றை எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். அந்தக் கடலடியை யாருக்குத் தெரியுமோ அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள், அது எனக்கு அந்த 46 என்ற எண்ணைவிடப் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் சைட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், வாட்ச்மேனாகவோ தண்ணீர் விடுகிற அம்மாவாகவோ. எந்தத் தூணுக்கு நேற்று க்யூரிங் (கான்கிரீட் காயாமல் தண்ணீர் விடுவது) நடக்கவில்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்.

இன்னொன்று, சனிக்கிழமைக் கூலி. கம்பெனியிலிருந்து பணம் வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் வியாழக்கிழமையே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் போனை அணைத்து வைக்கிற இன்ஜினீயரை யாரும் மன்னிப்பதில்லை. பீகார், ஜார்க்கண்ட் பக்கத்து ஆட்கள் இருந்தால் தீபாவளி முடிந்து வருகிற சட் பூஜைக்கும், மார்ச்சில் ஹோலிக்கும் யார் யார் ஊருக்குப் போகிறார்கள் என்று இரண்டு மாதம் முன்பே கேட்டு ஷெட்யூலில் எழுதி வையுங்கள். அது அவர்களுக்கு நாம் செய்கிற மரியாதையும்தான்.

கேள்வி: சென்னை ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஒன்பது பேர் கொண்ட டீமுக்கு லீட். தினமும் காலை மீட்டிங்கில் எல்லோரும் “ஆன் ட்ராக்” என்கிறார்கள். டெலிவரிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் பூதம் கிளம்புகிறது. நான் யாரையும் திட்டுவதே இல்லை. பிறகு ஏன்?

பதில்: திட்டாமல் இருப்பது மட்டும் போதாது. யாராவது “எனக்கு இது முடியலை” என்று சொன்ன அந்த நிமிஷம் உங்கள் முகம் எப்படி இருந்தது என்பதைத்தான் மற்ற எட்டுப் பேரும் பார்ப்பார்கள்.

ஃபோர்டு கார் கம்பெனியில் நடந்தது இது. 2006-ல் ஆலன் முலாலி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் கம்பெனிக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். வாராந்தர மீட்டிங்கில் ஒவ்வொரு அதிகாரியும் தன் வேலையை நிறத்தில் காட்ட வேண்டும்: நன்றாகப் போனால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. வாரக்கணக்கில் எல்லாமே பச்சை. இவ்வளவு பணம் போய்க்கொண்டிருக்கிறதே, ஒரு இடத்தில்கூடவா சிக்கல் இல்லை என்று அவரே கேட்டார். கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி புது மாடல் ஒன்றின் வேலையைச் சிவப்பில் காட்டினார். அறையே அமைதியானது, இவர் வேலை போயிற்று என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். இதற்கு யாரால் உதவ முடியும் என்று கேட்டார், அங்கேயே ஆட்கள் முன்வந்தார்கள். அதற்கு அப்புறம் மற்றவர்களின் பட்டியலிலும் மஞ்சளும் சிவப்பும் தெரிய ஆரம்பித்தன. பின்னாளில் முலாலி ஓய்வு பெற்றபோது அவர் இடத்துக்கு வந்ததும் அதே ஃபீல்ட்ஸ்தான்.

உங்கள் டீமில் முதல் சிவப்பை நீங்களே காட்டுங்கள். “இந்த வாரம் நான் கிளையன்ட்டிடம் வாங்க வேண்டிய அப்ரூவலை வாங்கவில்லை, அதனால் உங்களில் இரண்டு பேருக்கு வேலை நிற்கிறது” என்று காலையில் சொல்லிப் பாருங்கள். அப்புறம் ‘எவ்வளவு சதவீதம் முடிந்தது’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள், 90 சதவீதம் முடிந்த வேலை மூன்று வாரம் 90 சதவீதத்திலேயே நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். “இதில் எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது?” என்று தனியாக, காபி குடிக்கிற இடத்தில் கேளுங்கள். மீட்டிங்கில் வாய் திறக்காத பெண் அங்கே பத்து நிமிஷம் பேசுவார். அவர் சொன்னதை மறுநாள் மீட்டிங்கில் அவர் பெயர் போட்டு உடைத்துவிடாதீர்கள், அதோடு அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு இயல்பாகவே கூச்சம். நாலு பேரோடு கலகலப்பாகப் பேச வராது. ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக ஆசைப்படலாமா?

பதில்: தாராளமாக. நான் பார்த்த நல்ல மேனேஜர்களில் பாதிப் பேர் அதிகம் பேசாதவர்கள். சொன்னதைச் செய்வதும், கேட்டதை மறக்காமல் இருப்பதும் உங்களிடம் இருந்தால் போதும். போன வாரம் ஒருவர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால், இந்த வாரம் “அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்க எந்தப் பேச்சுத் திறமையும் வேண்டியதில்லை.

கேள்வி: மதுரையில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கிறோம். ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் தினமும் “சின்ன மாத்தம்தானேம்மா” என்று ஒன்றைச் சேர்க்கிறார். வயதில் பெரியவர், நல்லவரும்கூட. எப்படி முடியாது என்பது?

பதில்: முடியாது என்று சொல்ல வேண்டாம், அதைச் செய்தால் எது தள்ளிப்போகும் என்று சொல்லுங்கள். அதுவும் அன்றைக்கு சாயங்காலமே, வாட்ஸ்அப்பில், நாலு வரியில்: “ஐயா, இன்று நீங்கள் கேட்டபடி தையல் கூலிக்குத் தனி பில் சேர்க்கலாம். அதற்கு மூன்று நாள் ஆகும். அதனால் ஸ்டாக் ரிப்போர்ட் 14-ஆம் தேதிக்குப் பதில் 17-ஆம் தேதி வரும். இப்போதே செய்யட்டுமா, முதல் கட்டம் முடிந்ததும் செய்யட்டுமா?” கடை நடத்துகிறவருக்கு ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்தது அதன் விலை மட்டும்தான். இதை முதல் ‘சின்ன மாத்தத்திலேயே’ ஆரம்பித்திருக்க வேண்டும், ஒன்பது மாற்றங்களைச் சிரித்தபடி செய்துகொடுத்துவிட்டுப் பத்தாவதற்குக் கணக்குக் காட்டினால் அவருக்கு மனசு வலிக்கத்தான் செய்யும். இப்போது நேரில் போய், இதுவரை செய்த மாற்றங்களை ஒரே தாளில் காட்டிவிட்டு, “இனிமேல் இப்படி எழுதி அனுப்புகிறேன் ஐயா” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் டீமில் சீனியர்கள் இரண்டு பேர் ஆறு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் வேலை முடிந்தால்தான் அடுத்தவர் ஆரம்பிக்க முடியும். சமாதானம் செய்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர்கள் நண்பர்களாக வேண்டும் என்பது உங்கள் வேலை இல்லை, பழைய காரணத்தைக் கிளறினால் நீங்களும் ஒரு கட்சியில் சேர்ந்ததாக ஆகிவிடும். இவர் கையிலிருந்து அவர் கைக்கு வேலை மாறுகிற அந்த ஒரு இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். “உங்ககிட்ட வரும்போது வேலை எந்த நிலையில இருந்தா உங்களுக்கு வசதி?” என்று வாங்குகிறவரிடம் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதைக் கொடுக்கிறவரிடம் காட்டி “இதுல எது உங்களால முடியும்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஐந்தாறு வரிதான் இருக்கும். அதை மூன்று பேரும் பார்க்கிற இடத்தில் போட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு அந்தக் கைமாற்றம் நடக்கிற நாளில் மட்டும் பத்து நிமிஷம் நீங்களும் கூட நில்லுங்கள். இரண்டாவது, மூன்றாவது தடவையில் ஒருவர் அந்தத் தாளைக் காட்டி மற்றவரிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்பார். அப்போது நடுவில் பேசாமல் விலகிக்கொள்ளுங்கள்.