வரப்பு முதலில், கன்று பிறகு: ஆரோவில் பற்றிக் கேள்வி பதில்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஆரோவில்லை ஒட்டிய கிராமத்தில் பிறந்தவன் நான். அங்கே நாற்றங்காலில் தொடங்கி, மண் கட்டட வேலை, கழிவுநீர் வேலை என்று பலதும் பார்த்தாயிற்று. ‘தற்சார்பு வாழ்க்கை, சூழல் கிராமம்’ என்ற தலைப்பில் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. தியானம், அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திர் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

திண்டிவனம் பக்கம் மூன்று ஏக்கர் செம்மண் மேடு வாங்கினேன். வருடா வருடம் கன்று நடுகிறேன், பாதிக்கு மேல் காய்ந்து போகிறது. உங்கள் பக்கமும் அதே மண்தானே, காடு எப்படி வந்தது அண்ணா?

அதே மண்தான். 1968 பிப்ரவரி 28-ல் 124 நாட்டு மண்ணைக் கலசத்தில் போட்டு ஆரோவில்லைத் தொடங்கியபோது எடுத்த படங்களைப் பாருங்கள். ஒரு ஆலமரம், அங்கங்கே பனை, மற்றதெல்லாம் பொட்டல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரமுள்ள மேடு. கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழை மேல்மண்ணை வழித்துக்கொண்டு ஓடைகளில் இறங்கிவிடும். பெரிய மழைக்கு மறுநாள் கடலோரத் தண்ணீரே செம்பழுப்பாக இருக்கும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆள் இறங்கினால் தலை தெரியாத அளவுக்குப் பள்ளங்கள் அரித்துக் கிடந்தன.

அங்கே முதலில் வந்தவர்களும் கன்றுதான் நட்டார்கள். ஆனால் நிலைத்தது, தண்ணீரை நிறுத்திய பிறகு நட்டதுதான். ஆகவே நீங்கள் இந்த வருடம் கன்று வாங்கும் பணத்தை வரப்புக்குப் போடுங்கள். சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் வரப்பு வர வேண்டும். இதற்கு சர்வேயர் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: தண்ணீர் நிரப்பிய குழாயின் இரு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, மட்டம் ஒத்துவரும் இடங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனால், நிலத்தில் ஒரு வளைந்த கோடு கிடைக்கும். அந்தக் கோடுதான் வரப்பு. நேராக இருந்தால் அழகாக இருக்குமே என்று இழுத்துவிடாதீர்கள், முதல் மழைக்கே உடையும். மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் போட வேண்டும். முழங்கால் உயரம் போதும். நிறைந்தால் வழிய ஓரிடத்தில் கல் பதித்துக் கலிங்கு வையுங்கள். பெரும்பாலானோர் விடுவது இந்தக் கலிங்கைத்தான். வழி விடாத வரப்பை மழை தானே உடைத்துக்கொள்ளும்.

கன்றை மழை தொடங்கியதும் நடுங்கள், முடியும்போது அல்ல. இரண்டு மூன்று மாத ஈரத்தில் வேர் இறங்கிவிட்டால் கோடையில் நீங்கள் ஊற்றும் ஒரு குடம் தண்ணீர் பேசும். சுற்றி அரை அடிக்கு இலைதழை மூடாக்கு. ஆடு வராத வேலி. பக்கத்துக் காட்டு ஆட்டுக்காரரிடம் முதலிலேயே போய்ப் பேசிவிடுவது முள்கம்பியைவிட நல்லது.

ஆஸ்திரேலிய மரத்தை நட்டுத்தான் அந்தக் காட்டை உண்டாக்கினார்கள் என்கிறார்கள். இதற்குப் பெயர் சூழல் பாதுகாப்பா?

கத்திச்சவுக்கைச் சொல்கிறீர்கள். உண்மைதான், நிறைய நட்டார்கள். வெறும் சரளையிலும் வளரும், காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் சேர்க்கும், இலை கொட்டிக்கொண்டே இருக்கும். நிழலே இல்லாத இடத்தில் நிழல் உண்டாக்க அது உதவியது. அந்த நிழலுக்கு அடியில்தான் இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களைக் கொண்டுவந்தார்கள்: வீரை, காசான், உலக்கைப்பாலை, கருங்காலி. அந்த வகைக் காடு எங்கே மிஞ்சியிருந்தது என்று கேட்டால், கோயில்களில்தான். கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். சாமிக்குப் பயந்து கிளை ஒடிக்காமல் விட்டதால் நமக்கு விதை மிஞ்சியது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, கத்திச்சவுக்கு சரமாரியாக முறிந்து விழுந்தது. கீழே வளர்ந்திருந்த நம்மூர் மரங்கள் பெரும்பாலும் தாங்கின. அதன் பிறகு வெளிச்சம் கிடைத்து அவை எழுந்த வேகத்தைப் பார்த்தவன் நான். இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கத்திச்சவுக்கு தேவையில்லை. உசிலை, வேம்பு, வாகை போதும். கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

கடுவெளிச் சித்தர் சாபம் என்கிற கதை நிஜமா?

ஆரோவில் பக்கத்து இரும்பை கோயிலில் எல்லோரும் சொல்லும் கதை. ஊர் கூடிச் சித்தரைக் கேலி செய்ய, அவர் சபிக்க, லிங்கம் வெடித்துச் சிதறி, நிலம் பாலையானது. தூர தேசத்திலிருந்து ஆட்கள் வந்து பசுமையாக்குவார்கள் என்று சாப விமோசனமும் உண்டு. அந்தக் கடைசிப் பகுதி 1968-க்குப் பிறகு ஒட்டிக்கொண்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பாலையானதற்குக் காரணம் மரம் வெட்டியதும் மேய்ச்சலும்தான். ஆனால் கோயில் நல்ல கோயில், போய் வாருங்கள்.

சிவில் படிக்கிறேன். அங்கே போடும் அமுக்கிய மண் கல்லில் எங்கள் ஊரில் வீடு கட்டினால் மழையில் கரையாதா? செலவு குறையுமா?

கரையாது தம்பி, செய்முறை சரியாக இருந்தால். மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட், அளவாகத் தண்ணீர், இயந்திரத்தில் வைத்து அமுக்குவது, பிறகு 4 வாரம் ஈரம் காயாமல் மூடி வைப்பது. சூளை கிடையாது, விறகு கிடையாது. அந்த 4 வாரத்தில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள். கல் காய்ந்த மாதிரி தெரிந்ததும் சுவருக்குத் தூக்கிவிடுவார்கள்.

முதலில் மண்ணைப் பார். நேரான கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண், முக்கால் பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி மேசையில் வை, தொடாதே. சரளையும் மணலும் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். அதன் மேல் வண்டல். களிமண் கலங்கலாகவே நின்று மறுநாள்தான் படியும். ஒவ்வொரு அடுக்கையும் ஸ்கேல் வைத்து அள. ஏறக்குறைய பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, மீதி சரளையும் வண்டலும் என்று வந்தால் உனக்கு யோகம். களி அதிகமென்றால் மணல் சேர்க்க வேண்டும். கரிசல் என்றால் சிமெண்ட் சரிப்படாது, சுண்ணாம்பு பக்கம் போக வேண்டியிருக்கும். மேல் ஒரு அடி மண்ணைத் தொடாதே, அது தோட்டத்துக்கு. அடியில் வெட்டிய குழி மழைத்தொட்டியாகட்டும், குழி வெட்டிய கூலி இரண்டு வேலைக்கும் ஆகும்.

செலவு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: வீட்டுச் செலவில் சுவர் ஒரு பகுதிதான். கூரை, கதவு, ஜன்னல், குழாய், ஒயரிங் எல்லாம் எந்தச் சுவருக்கும் ஒன்றே. மண் அங்கேயே கிடைத்து, பழகிய கொத்தனாரும் இருந்தால் குறையும். லாரியில் மண் வரவழைத்தால் செங்கல்லோடு சமமாகிவிடும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அவர்களுடைய ஆரம் 3000 இயந்திரம் கையாலேயே இயக்குவது. நீ போகும்போது உன் ஊர்க் கொத்தனாரையும் கூட்டிப் போ. பொறியாளர் மட்டும் கற்றுக்கொண்டு வந்த இடங்களில் ஒரு வீட்டோடு நின்றுவிடுகிறது.

உலர் கழிப்பறை நாறுமா? கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

சிறுநீரும் மலமும் சேர்ந்தால்தான் நாறும். தனித்தனியாகப் போக இரண்டு துளை, கழுவும் தண்ணீருக்கு மூன்றாவது. முடித்ததும் ஒரு சிரட்டை மரத்தூளோ சாம்பலோ. தொட்டி நிறைந்தால் மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்தலாம். மூடியது பல மாதம் கழித்துத் திறக்கும்போது வெறும் மண் வாசனைதான் அடிக்கும். நீரால் கழுவும் நமக்கு இது ஒத்துவராது என்பதும் பொய், முசிறியில் பொதுக் கழிப்பறையாகவே இதை நடத்திக் காட்டினார்கள். ஆரோவில்லில் காடு வளர்க்க 2003-ல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்டில் தங்குகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான். கெடுவது எப்போது தெரியுமா? மரத்தூள் வாளியை யார் நிரப்புவது என்று பெயர் எழுதாத வீட்டில்.

கழிவுநீரை என்ன செய்கிறார்கள்? அங்கே குடிநீர் எங்கிருந்து?

குடிநீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. கடல் பக்கம் என்பதால் அளவு மீறி உறிஞ்சினால் உப்பு ஏறும். கரையோரக் கிராமங்களில் இது பழைய கவலை. ஆரோவில் மட்டும் சிக்கனமாக இருந்து பயனில்லை, நிலத்தடி நீருக்கு எல்லைக்கல் கிடையாது. கழிவுநீருக்கு, அந்தந்த இடத்திலேயே சுத்திகரிக்கும் டீவாட்ஸ் முறை: படிவுத் தொட்டி, தடுப்புச் சுவர் வைத்த தொட்டி, சரளையில் நாணல் நட்ட பாத்தி, கடைசியில் திறந்த குளம். மோட்டார் அதிகம் வேண்டாம். தெளிந்தது தோட்டத்துக்கு.

சோலார் கிச்சனில் வெயிலில் சோறு வேகுமா?

அது ஆரோவில்லின் பொதுச் சமையற்கூடம். கூரை மேல் 15 மீட்டர் அகலத்தில் கண்ணாடி பதித்த பெரிய கிண்ணம். கிண்ணம் அசையாது, ஒளி குவியும் இடம் வெயிலோடு நகரும், அதைத் தொடர்ந்து கொதிகலன் நகரும். அதிலிருந்து வரும் நீராவி அடுப்புக்கு. மேகம் மூடினால் டீசல் கொதிகலன். சுமார் ஆயிரம் பேருக்குச் சமைக்கத் திட்டமிட்டது. வீட்டுக்கு இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், ஒரு சாதாரணச் சூரியப் பெட்டி அடுப்பில் பருப்பு வேகவைத்துப் பழகுங்கள்.

பரீட்சை இல்லாத பள்ளி என்கிறார்கள். பிள்ளையின் எதிர்காலம்? (இரண்டு தாய்மார்கள் கேட்டது)

அம்மா, அங்கே எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி இல்லை. லாஸ்ட் ஸ்கூலில் பரீட்சையும் சான்றிதழும் இல்லை. ஃப்யூச்சர் ஸ்கூலில் விரும்பினால், நம் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரியான பிரிட்டிஷ் ஏ லெவல் பரீட்சை எழுதலாம். சுற்றுக் கிராமப் பிள்ளைகளுக்கான இசையம்பலம் போன்ற பள்ளிகள் தனி. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வகைதான். பள்ளிக்கூடத்து மழைநீர் எங்கே போகிறது என்று பிள்ளைகள் அளந்து, கணக்குப் போட்டு, தாங்களே குழி வெட்டும்போது, பரப்பளவு என்கிற பாடம் தனியாக நடத்த வேண்டியதில்லை. உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலும் செய்யலாம், தலைமையாசிரியர் மனது வைத்தால். சான்றிதழ் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. வீட்டில் சொத்து இருப்பவர் பரீட்சையைத் துறப்பதும், இல்லாதவர் துறப்பதும் ஒன்றல்ல.

வெள்ளைக்காரர் முதலாளி, நம் ஜனம் கூலி. இதுதானே உங்கள் சூழல் கிராமம்?

கோபம் புரிகிறது. குடியிருப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம், ஏறக்குறைய 60 நாட்டுக்காரர்கள். அதில் பெரிய கூட்டம் இந்தியர்தான், தமிழர் நிறைய, எங்கள் கிராமங்களிலிருந்தே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அதே சமயம் குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, ஆலங்குப்பத்திலிருந்து தினமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகிறார்கள். காட்டை நட்ட கைகளில் பெரும்பாலானவை எங்கள் ஊர்ப் பெண்களுடையவை. புத்தகங்களில் அவர்கள் பெயர் இல்லை. நிலத்தின் விலை ஏறியதில் விற்றவர்க்கு லாபம், விற்காதவர் பிள்ளைக்கு மனை வாங்க முடியவில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டுச் சமத்துவம் பேசினால் எனக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் வேலைக்குப் போன இடத்தில் தச்சு, நாற்றங்கால், கழிவுநீர் என்று தொழில் கற்றுக்கொண்டு சொந்தமாகத் தொடங்கியவர்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன்.

சாலைக்காகக் காட்டையே வெட்டினார்களே?

2021 டிசம்பரில் ‘கிரவுன்’ வட்டச் சாலைக்காகப் புல்டோசர் இறங்கியது. 50,000 பேர் வாழும் நகரமாகத் திட்டமிட்டது, வரைபடப்படி கட்ட வேண்டும் என்பது ஒரு தரப்பு. வளர்ந்த காட்டுக்கும் நீர்ப்போக்குக்கும் ஏற்ப வரைபடம் வளைய வேண்டும் என்பது மறு தரப்பு. 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு போட்டது, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. குடியிருப்போருக்குள்ளேயே பிளவு ஆழம். நான் மரத்தின் பக்கம். ஆனால் எதிர்த்தரப்பில் இருப்பவர்களில் பலர் மரம் நட்டவர்களே என்பதையும் சொல்ல வேண்டும்.

அங்கே மனை வாங்கலாமா?

முடியாது. 1988 சட்டப்படி நிலமும் கட்டடமும் ஆரோவில் அறக்கட்டளையுடையவை. வீட்டுக்குப் பணம் போட்டாலும் அது உங்கள் சொத்தாகாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. ‘ஆரோவில் அருகில்’ என்று விளம்பரம் வரும் மனைகள் வெளியே உள்ளவை. அவற்றை வாங்குமுன் பத்திரத்தோடு நீர்வழியையும் பாருங்கள்.

வேலையை விட்டுவிட்டு வந்து கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

வேலையை விடாதீர்கள். முதலில் லீவு போட்டு வாருங்கள். தன்னார்வலர்களை எடுக்கும் பண்ணையோ காடோ ஒன்றைத் தேர்ந்து, முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும், இலவசம் என்று நினைத்து வந்து சண்டை போடாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் எல்லாம் அழகாக இருக்கும், அப்போது வந்தால் ஒன்றும் தெரியாது. மே மாதம் வாருங்கள், அல்லது ஐப்பசி அடைமழையில். கொசுவலை, முழுக்கைச் சட்டை, அறுந்தாலும் பரவாயில்லாத செருப்பு. காலை வேலை ஆறு, ஆறரைக்கே தொடங்கிவிடும். மண்வெட்டி அங்கேயே இருக்கிறது.