மினி புரொஜெக்டர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியைப் படிக்கும் முன் அறையைப் படியுங்கள்

மினி புரொஜெக்டர் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தும் சுருக்கியும் இங்கே பதில் சொல்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான். நீங்கள் படம் காட்டப்போகும் இடத்தில் எவ்வளவு வெளிச்சத்தை உங்களால் அடைக்க முடியும்? அது தெரிந்தால் எந்தப் புரொஜெக்டர், எவ்வளவு பணம் என்பதில் பாதி முடிவாகிவிடும்.

"ஆன்லைனில் 9,000 லூமென், 4கே, விலை ஆறாயிரம் ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். வாங்கியவர்களும் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?" (சேலம்)

அந்த 9,000-ஐ நம்ப வேண்டாம். லூமென் என்பது ஒரு விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வீட்டில் மாட்டும் 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லூமென் தருகிறது. வாட்டுக்கு நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விலைப் புரொஜெக்டர்களின் மின்செலவு பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வாட்தான். அத்தனையும் விளக்குக்கே போய், அதன் வெளிச்சம் கொஞ்சம்கூட உள்ளே வீணாகாமல் வெளியே வந்தாலும் ஐயாயிரத்தை எட்டுவதே பெரிது. ஆனால் இவற்றுக்குள் இருப்பது ஒற்றை எல்சிடி பேனல், அதாவது படத்தை உருவாக்கும் சிறு தகடு. விளக்கின் வெளிச்சத்தில் பெரும்பகுதியை அந்தப் பேனலே விழுங்கிவிடும். சுவரில் வந்து விழுவது பெரும்பாலும் நூறு, இருநூறு லூமென்தான்.

நீங்கள் தேட வேண்டியது 'ஏஎன்எஸ்ஐ லூமென்' அல்லது 'ஐஎஸ்ஓ லூமென்' என்ற குறிப்பை. ஏஎன்எஸ்ஐ முறையில் வெள்ளைத் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் விழும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்துத் திரையின் பரப்பளவால் பெருக்குவார்கள். அதாவது சுவருக்கு வந்து சேர்ந்த வெளிச்சத்தின் கணக்கு அது. வெறும் 'லூமென்', 'எல்இடி லூமென்' என்று இருந்தால் அது உள்ளே எரியும் விளக்கைப் பற்றிய பேச்சு, சில சமயம் அதுகூட இல்லை.

4கே விஷயமும் அப்படித்தான். '4கே சப்போர்ட்' என்றால் 4கே வீடியோவைக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். சுவரில் விழுவது பேனலின் சொந்தப் புள்ளிகள்தான். அதை 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ற வரியில் போட்டிருப்பார்கள். 1280x720 என்று இருந்தால் மொத்தம் 9.2 லட்சம் புள்ளிகள். உண்மையான 4கேயில் 83 லட்சம். ஆறாயிரம் ரூபாய்க்கு 720பி நியாயமான பொருள்தான், குழந்தைகள் இருட்டறையில் கார்ட்டூன் பார்க்கப் போதும். 4கே என்று நினைத்து வாங்கினால்தான் ஏமாற்றம்.

வாங்கிவிட்டால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு பக்க எழுத்தைத் திரையில் போட்டு நான்கு மூலைகளையும் பாருங்கள். மலிவு லென்ஸில் நடுவில் ஃபோகஸ் சரியாக இருக்கும்போது மூலைகள் மங்கும். சினிமாக் காட்சியில் அது தெரியாது, எழுத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

"பெரம்பூரில் வாடகை வீடு. படுக்கையறை 10க்கு 12 அடி. டிவிக்குப் பதிலாகவே புரொஜெக்டர் வாங்கலாம் என்கிறார் கணவர். நூறு அங்குலம் வருமா?"

தூரக் கணக்கில் ஏறக்குறைய வரும். ஒவ்வொரு மாடலுக்கும் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். கையடக்க மாடல்கள் பலவற்றில் அது 1.2. சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை 1.2ஆல் வகுத்தால் படத்தின் அகலம் கிடைக்கும். எட்டடி தள்ளி வைத்தால் அகலம் 80 அங்குலம், மூலைக்கு மூலை அளந்தால் 92 அங்குலம் வரும். நூறு அங்குலத்துக்கு ஒன்பதடிக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். கட்டில் எங்கே, பீரோ எங்கே என்று பார்த்து, வாங்கும் முன்பே அளவு நாடாவைப் பிடித்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வி தூரத்தில் நிற்கவில்லை, வெளிச்சத்தில் நிற்கிறது. 200 ஏஎன்எஸ்ஐ லூமென் புரொஜெக்டரின் வெளிச்சத்தை நூறு அங்குலத்துக்குப் பரப்பினால் சுவரில் விழுவது 72 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்தான் லக்ஸ்). அறையில் டியூப்லைட் எரிந்தால் அதே சுவரில் ஐம்பது, நூறு லக்ஸ் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம், அந்த வெளிச்சத்தில் உங்கள் சுவர் என்ன நிறமோ அந்த நிறத்தில்தான் தெரியும். அதனால்தான் விளக்கைப் போட்டதும் படம் வெளுத்துப்போகிறது. அதே 200 லூமெனை 60 அங்குலத்துக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 200 லக்ஸ் ஆகிவிடும். விளக்கை அணைத்த அறையில் அது திரையரங்குத் திரையைவிடவே பிரகாசமான படம். படத்தைப் பெரிதாக்க ஆக்க வெளிச்சம் வேகமாகக் கரைகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே டிவிக்குப் பதிலாக என்றால் என் பதில் வேண்டாம். காலையில் செய்தி, மதியம் அம்மா பார்க்கும் சீரியல், சமைத்துக்கொண்டே கேட்கும் பாட்டு, இதெல்லாம் டிவியின் வேலை. இரவு எட்டு மணிக்கு மேல் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, இருவரும் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பதற்கு என்றால் 400 முதல் 500 ஏஎன்எஸ்ஐ லூமென், நேட்டிவ் 1080பி (1920x1080 புள்ளிகள்) உள்ளதாக வாங்குங்கள், மனம் நிறைந்துவிடும். ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய எம்ஆர்பியைக் காட்டித் தள்ளுபடி என்று சொன்னால் அதையும் கணக்கில் எடுத்துப் பேசுங்கள்.

"அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வகுப்பு வகுப்பாக எடுத்துப்போக மினி புரொஜெக்டர் வாங்க என் சம்பளத்திலிருந்து பணம் சேர்த்திருக்கிறேன்." (திண்டிவனம்)

டீச்சர், தயவுசெய்து மினி புரொஜெக்டரில் அந்தப் பணத்தைப் போடாதீர்கள். பகலில், இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள வகுப்பறையில் திரைமேல் விழும் வெளிச்சம் முந்நூறு லக்ஸைச் சாதாரணமாகத் தாண்டும். 300 லூமென் மாடலால் 80 அங்குலத்தில் அதில் பாதியை ஒட்டித்தான் தர முடியும். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு இதயத்தின் படத்தில் எது தமனி, எது சிரை என்று நிறம் பிரித்துத் தெரியாது.

உங்களுக்கு வேண்டியது அலுவலகங்களில் பயன்படும் சாதாரண 3எல்சிடி புரொஜெக்டர். 3,000 லூமெனுக்கு மேல் தரும், எடை இரண்டரை, மூன்று கிலோ, ஒரு தோள்பைக்குள் அடங்கும். இதுவும் எடுத்துப்போகக்கூடியதுதான், விளம்பரத்தில் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவே. மூன்று நிறத்துக்கும் தனித்தனிப் பேனல் இருப்பதால் வெள்ளைக்குக் கிடைக்கும் அதே வெளிச்சம் நிறங்களுக்கும் கிடைக்கும். டிஎல்பி என்ற இன்னொரு வகையில் சுழலும் நிறச்சக்கரம்தான் நிறங்களைத் தரும். அந்தச் சக்கரத்தில் வெள்ளைக் கண்ணாடித் துண்டும் வைத்த மலிவு மாடல்களில் வெள்ளை பளிச்சென்று இருக்கும், சிவப்பும் பச்சையும் சோர்ந்து தெரியும். அறிவியல் படங்களுக்கும் வரைபடங்களுக்கும் இது பெரிய வித்தியாசம்.

புதியது கைக்கு எட்டாவிட்டால், பள்ளி மேலாண்மைக் குழுவிடமோ முன்னாள் மாணவர்களிடமோ தயங்காமல் கேளுங்கள். ஓர் ஆசிரியை தன் சம்பளத்தில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற பொருள் அல்ல இது.

செலவில்லாத இரண்டு வேலைகள்: திரைக்கு அருகிலுள்ள ஜன்னல்களை மட்டும் கறுப்பு சார்ட் தாளால் மூடுங்கள், பின்பக்க ஜன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளைகள் எழுத வெளிச்சம் வேண்டும். ஸ்லைடில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் பயன்படுத்துங்கள். கறுப்புப் பின்னணி, வெளிச்சமுள்ள அறையில் சாம்பலாகி எழுத்தை விழுங்கிவிடும்.

"தேனிப் பக்கம் மலையடிவார ஊர்களில் விவசாயிகளுக்குச் சாயங்காலம் கூட்டம் போடுவோம். சில இடத்தில் கரண்ட் இருக்காது. முப்பது நாற்பது பேர் பார்க்கும்படி என்ன வாங்கலாம்?"

மினி புரொஜெக்டர் என்ற பொருள் உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது என்பேன். இருட்டு உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் பேட்டரி. 'போர்ட்டபிள்' என்று எழுதியிருப்பதாலேயே உள்ளே பேட்டரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். சாம்சங் ஃப்ரீஸ்டைலில் உள்ளே பேட்டரி கிடையாது. தனி பேட்டரியோ பவர் பேங்கோ வேண்டும். ஆங்கர் நெபுலா கேப்சூல் 3 போன்றவற்றில் உண்டு. அதில் 52 வாட்-ஹவர் பேட்டரி, இரண்டரை மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம், வெளிச்சம் 200 ஏஎன்எஸ்ஐ லூமென். உங்கள் கூட்டத்துக்கு அறுபது, எழுபது அங்குலத்தில் காட்டினால் போதுமானது. பல மாடல்கள் பேட்டரியில் ஓடும்போது வெளிச்சத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். அதனால் கடையில் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

பவர் பேங்க் வழி என்றால், 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-ஹவர். மாற்றும்போது ஆகும் இழப்பு போக அறுபதுக்குச் சற்று மேல் நிற்கும். 40 வாட் இழுக்கும் புரொஜெக்டருக்கு ஒன்றரை மணி நேரம். ஆனால் போன் சார்ஜ் செய்யும் 22.5 வாட் பவர் பேங்க் இதற்கு ஆகாது. 65 வாட் 'பிடி' (பவர் டெலிவரி) என்று போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புரொஜெக்டர் உயிர் பெறாது, அல்லது நடுவில் அணையும்.

வீடியோக்களை முன்கூட்டியே பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள், மலையடிவாரத்தில் சிக்னலை நம்பி நிற்கக் கூடாது. எச்.264 முறையில் பதிந்த எம்பி4 கோப்பு என்றால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடும். டால்பி ஒலி உள்ள கோப்பாக இருந்தால், உரிமம் வாங்காத மலிவு மாடல்களில் படம் வரும், சத்தம் வராது. ஊருக்குப் போய்க் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல இது. திறந்த வெளியில் உள் ஸ்பீக்கர் போதாது. சார்ஜில் ஓடும் தனி ஸ்பீக்கரை ஆக்ஸ் ஒயரில் இணையுங்கள். ப்ளூடூத்தில் பேச்சுக்கும் உதட்டசைவுக்கும் இடைவெளி விழலாம்.

திரைக்கு மெல்லிய வேட்டி கட்டாதீர்கள், பாதி வெளிச்சம் பின்பக்கம் போய்விடும். வெள்ளையடித்த சுவர் இருந்தால் அதுவே மேல்.

"அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் எல்லாரும் சேர்ந்து ஐபிஎல் பார்க்க ஆசை. 500 லூமென் போதுமா?" (திருச்சி)

இரவு 7.30 ஆட்டத்துக்குப் போதும், எண்பது முதல் நூறு அங்குலம் வரை. மதியம் 3.30 ஆட்டத்துக்கு எந்த மினி புரொஜெக்டரும் உதவாது. மாடியின் தெருவிளக்குப் பக்கத்துச் சுவரைத் தவிர்த்து, வெளிச்சம் நேராக விழாத சுவராகப் பாருங்கள்.

உங்கள் ஊருக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராக எடுத்துப்போய்க் கூடாரத்தில் காட்டினார். பின்னால் வந்த டூரிங் டாக்கீஸ்களும் பொழுது சாய்ந்த பிறகே ஆட்டத்தைத் தொடங்கின. கூடாரத்தில் பகலை அடைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கவனிக்க இரண்டு: ஏப்ரல், மே மாதத்தில் மாடித்தரை இரவிலும் கொதிக்கும். புரொஜெக்டரைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில், காற்றுத் துளைகள் அடைபடாதபடி வையுங்கள். மழை பெய்து விட்ட மாலையில் ஈசல் லென்ஸைத் தேடி வரும், அன்று கீழே டிவியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஓடிடி சந்தாக்கள் பொதுவாக வீட்டு உபயோகத்துக்குத் தரப்படுபவை. டிக்கெட்டோ நன்கொடையோ வசூலித்துக் காட்டினால் சட்டச் சிக்கல் வரும்.

"போனை மிரர் செய்தால் யூடியூப் வருகிறது, நெட்ஃபிளிக்ஸ் மட்டும் கறுப்பாகிவிடுகிறது. புரொஜெக்டர் பழுதா?"

பழுது இல்லை. திருட்டு நகலைத் தடுக்கும் பாதுகாப்பு அது. எச்டிஎம்ஐ துளையில் ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற ஒன்றைச் சொருகினால் தீர்ந்துவிடும். யுஎஸ்பி-சி ஒயரில் போனை இணைக்க நினைத்தால், உங்கள் போனில் அந்த ஒயர் வழியே படத்தை அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐபோன் 15 முதல் இருக்கிறது, குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் துளை மட்டும்தான் யுஎஸ்பி-சி.

"அலுவலக ஏலத்தில் பழைய பெரிய புரொஜெக்டர் நாலாயிரத்துக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?" (ஈரோடு)

மெனுவில் 'லேம்ப் ஹவர்ஸ்', அதாவது விளக்கு இதுவரை எரிந்த மணி நேரம், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த வகைப் பாதரச விளக்குகள் மூவாயிரம் முதல் ஐயாயிரம் மணி நேரம் வரை தாங்கும். எல்இடி போல இருபதாயிரம் அல்ல. இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தால் அந்த மாடலுக்கு விளக்கு இன்னும் கிடைக்கிறதா, என்ன விலை என்று விசாரியுங்கள். விளக்கின் விலை ஏல விலையைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். எடுத்தால் ஒரு யுபிஎஸ்ஸும் சேர்த்து வையுங்கள். அணைத்த பிறகும் விசிறி சற்று நேரம் ஓடி விளக்கைக் குளிர்விக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அந்தச் சூடு விளக்கின் ஆயுளைத் தின்றுவிடும்.

"ஆறு மாதத்தில் படத்தில் மங்கலான கறும்புள்ளிகள். லென்ஸைத் துடைத்தும் போகவில்லை."

தூசி லென்ஸில் இல்லை, உள்ளே பேனலில் உட்கார்ந்திருக்கிறது. மலிவு எல்சிடி மாடல்களில் குளிர்விக்கும் காற்றே பேனலை உரசிக்கொண்டு போகும், மின்விசிறி சுழலும் நம் வீடுகளில் இது சீக்கிரம் வரும். கீழ்ப்பக்கத்தில் சிறு மூடி வைத்த மாடலானால் அதைத் திறந்து, கையால் அழுத்தும் ரப்பர் ஊதுபந்தால் ஊதலாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்டால் கறை நிரந்தரம். மூடி இல்லாவிட்டால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் சர்வீஸுக்குக் கொடுங்கள். அடுத்து வாங்கும்போது 'சீல்டு ஆப்டிகல் எஞ்சின்' (தூசி புகாதபடி மூடிய ஒளிப்பகுதி) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

"சுவரிலேயே பார்க்கலாமா, திரை வாங்கணுமா?"

மேடுபள்ளம் இல்லாத, பளபளக்காத வெள்ளைச் சுவர் இருந்தால் சில மாதம் சுவரிலேயே பாருங்கள். எந்த அளவு உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தபின் திரை வாங்கினால் போதும். சாட்டின், எனாமல் பெயின்ட் அடித்த சுவரில் நடுவே ஒளி திரண்டு கண்ணைக் கூசும். அங்கே பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் அடிப்பது நல்லது. புரொஜெக்டரைப் பக்கவாட்டில் வைத்துவிட்டு கோணலான படத்தைச் சரிசெய்யும் 'கீஸ்டோன்' வசதியால் செவ்வகமாக்குகிறவர்கள் பலர். அப்படிச் செய்யும்போது பேனலின் ஓரப்புள்ளிகள் பயனற்றுப் போகின்றன, படம் சிறுத்து மங்கும். ஒரு ட்ரைபாட் வாங்கி, சுவருக்கு நேரெதிரே நிறுத்துங்கள்.