ஒரு ஏக்கரும் ஐந்து நாற்றும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா, மகள், கூடவே மாமா, அடுத்து என்ன படிக்கலாம் என்று என்னிடம் கேட்க வந்தார்கள். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. "வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துடலாம் சார், ஒரு ஏக்கரை வித்தா ஆச்சு." பேசியதெல்லாம் மாமாதான்.

ஆறுதல் சொல்லி அனுப்பத்தான் நினைத்தேன். அப்போது அந்தப் பெண் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். குறுவை நாற்றங்காலில் ஐந்து நாற்றில் மட்டும் வெள்ளைக் கோடுகள். "துத்தநாகம் தெளிச்சும் பச்சை வரலை சார். ஏன்?"

படத்தை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் பிறவியிலேயே இப்படி வெளுக்கும் நெல்லும் உண்டு. டி.என்.ஏ.வுக்குச் செங்கல் நியூக்ளியோடைடு. அந்தச் செங்கலைச் செய்துதரும் நொதிகளில் ஒன்று ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ். அது கொஞ்சம் பழுதானாலும் சரக்குத் தட்டுப்பாடு. இருப்பதை உட்கரு எடுத்துக்கொள்ள, இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வுக்குப் பற்றாமல் போகிறது. இளம் இலை வெளுக்கிறது, ஆனாலும் செடி வளர்கிறது. அதே செங்கல் வேலையில் இன்னொரு நொதி டைஹைட்ரோஓரோடேட் டிஹைட்ரஜனேஸ். பெயர்தான் வாயில் நுழையாது. அதை முடக்கிக் களையைக் கொல்லும் டெட்ஃப்ளூபைரோலிமெட் என்ற மருந்தை நெல்வயலுக்காகவே உருவாக்கியிருக்கிறார்கள். களை சாக வேண்டும், நெல் நிற்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டாமா?

வேளாண் கலந்தாய்வு எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். நான் சொன்னது அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல். "பாட்டனியா?" என்று மாமா முகத்தைச் சுளித்தார். ஆமாம், பாட்டனிதான். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அப்புறம் எம்.எஸ்சி., சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000. வேலை? கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் விதையை அகார் கூழ்த் தட்டில் வரிசையாக வைத்து, ஒரு நொதியைக் குறைத்த செடியின் வேர் எத்தனை மில்லிமீட்டர் பின்தங்குகிறது என்று தினமும் அளப்பது. பொறுமை இல்லாதவருக்கு நரகம். பி.எச்டி. வரை பத்து வருடம் ஆகும், அதை மறைக்க மாட்டேன்.

நிலத்தை விற்கக் கூடாது அண்ணே, இதில் மறுபேச்சே இல்லை. வெளிநாட்டில் முடித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வு இருக்கிறது. தேறாவிட்டால் ஏக்கரும் போய்விடும். அவளுக்கு டாக்டர் ஆசை இருக்கிறதா என்று நேராகக் கேட்டேன். அப்பாவைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினாள்.

அந்த ஐந்து நாற்றையும் தனியாக நட்டு, விதை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த விதைப்பில் கோடு மறுபடி வந்தால் எனக்குப் படம் அனுப்புவாள்.