50-உம் 20-உம் சேர்ந்தால் 60: தள்ளுபடிக் கணக்கு, வட்டிக் கணக்கு

கேள்வி: ‘50% தள்ளுபடி, அதற்கு மேல் கூடுதலாக 20%’ என்று போட்டிருந்தார்கள். 70% குறையும் என்று நம்பிப் போனேன். பில்லில் அவ்வளவு குறையவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: கணக்கு சரிதான். நீங்களாகவே தப்பாகக் கூட்டிக்கொள்ளட்டும் என்று எழுதிய அறிவிப்பு அது. விலை 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 50 சதவீதம் போனால் மீதி 500. அடுத்த 20 சதவீதம் இந்த 500-க்குத்தான், பழைய 1,000-க்கு இல்லை. 500-இல் 20 சதவீதம் 100. ஆக, கட்ட வேண்டியது 400. மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம். (20-ஐ முதலில் கழித்தாலும் 800, அப்புறம் அதே 400தான்.) சதவீதம் என்று யார் சொன்னாலும் ‘எதில்?’ என்று கேளுங்கள். பில்லில் 60 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால், வரி தனியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகலாம்.

கேள்வி: போன மாதம் விலையை 25% ஏற்றினார்கள். இப்போது 20% தள்ளுபடியாம். வாங்கலாமா?

பதில்: தேவை என்றால் வாங்குங்கள், தள்ளுபடிக்காக வேண்டாம். 100 என்பது 125 ஆனது. 125-இல் 20 சதவீதம் 25. திரும்பவும் 100. பழைய விலைக்கே வந்து நிற்கிறது.

கேள்வி: ஒரு பாக்கெட்டில் ‘20% கூடுதல், இலவசம்’. இன்னொன்றில் ‘விலையில் 20% குறைவு’. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. 100 கிராமின் விலை 100 என்றால், கூடுதல் பாக்கெட்டில் அதே விலைக்கு 120 கிராம். கிராமுக்கு 0.83 வருகிறது. விலை குறைத்ததில் 0.80. ‘20% கூடுதல்’ என்பது சுமார் 16.7 சதவீதத் தள்ளுபடிக்குத்தான் சமம். அந்தக் கூடுதல் உங்களுக்கு வேண்டாததாக இருந்தால் அதுவும் இல்லை.

கேள்வி: ஓர் இடத்தில் 12% ஃபிளாட் வட்டிக்குக் கடன் தருகிறார்கள். இன்னோர் இடத்தில் 18%, குறையும் நிலுவைக்கு வட்டி. 12 தானே மலிவு?

பதில்: 18 தான் மலிவு. ஃபிளாட் என்றால் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி. குறையும் நிலுவை என்றால் கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி. 12,000 கடன், 12 மாதத் தவணை என்று போட்டுப் பார்ப்போம். ஃபிளாட் முறையில் வட்டி 1,440. மாதத் தவணை 1,120: அசல் 1,000, வட்டி 120. முதல் மாதம் உங்கள் கையில் இருப்பது 12,000, அதற்கு 120 வட்டி நியாயம். கடைசி மாதம் பாக்கி வெறும் 1,000. அதற்கும் அதே 120! அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 12 சதவீதம் கட்டுகிறீர்கள். ஆண்டு முழுவதும் 12,000 உங்களிடம் இருந்ததுபோல வட்டி போடுகிறார்கள். உண்மையில் சராசரியாகப் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்தான் இருந்தது. குறையும் நிலுவைக் கணக்குக்கு மாற்றினால் இது சுமார் 21.5 சதவீதம்.

18 சதவீதக்காரரிடம் தவணை ஏறக்குறைய 1,100 வரும். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், முன்கூட்டியே பிடிக்கும் கட்டணம் என்ன என்று இரண்டு இடத்திலும் கேட்டுக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: வட்டி 8-இலிருந்து 10 சதவீதம் ஆனால், ஏற்றம் 2 சதவீதமா, 25 சதவீதமா?

பதில்: 25 சதவீதம், ஏனென்றால் ஏறிய 2 என்பது பழைய 8-இல் கால் பங்கு. 2 என்பது சதவீதப் புள்ளி, அதாவது 10-இலிருந்து 8-ஐக் கழித்தால் வரும் வித்தியாசம். ஏற்றத்தைச் சின்னதாகக் காட்ட நினைப்பவர் 2 என்பார், பயமுறுத்த நினைப்பவர் 25 என்பார்.

கேள்வி: மனக்கணக்காகச் சதவீதம் போட ஏதாவது சுலப வழி?

பதில்: எண்களைத் திருப்பிப் போடுங்கள். 50-இல் 18 சதவீதம் கடினமாகத் தெரியும். 18-இல் 50 சதவீதம் 9. இரண்டும் ஒன்றே. 75-இல் 4 சதவீதமும் அப்படித்தான்: 4-இல் முக்கால், அதாவது 3. 37-இல் 43 சதவீதம் என்றால் திருப்பியும் பயனில்லை, கைப்பேசியை எடுங்கள்.