கால் மிதியில் ஈரமா? ஹீட்டர் கோர் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய காரின் ரேடியேட்டர் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஹீட்டர் கோரைப் பற்றித்தான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர் அது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக அதற்குள் ஓடும், அந்தச் சூட்டில்தான் காருக்குள் வெப்பக் காற்று வரும். ஒரு வேண்டுகோள்: ‘என் பழைய கார் ஒழுகுகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன வண்டி, எந்த வருடம், ஒழுகுவது என்ன நிறம், இந்த மூன்றும் இல்லாமல் நான் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கேள்வி: 2001 சான்ட்ரோ. இடப்பக்க முன்சீட்டில் கால் வைக்கும் இடம் எப்போதும் ஈரம். ஹீட்டர் கோர் போய்விட்டது, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சரி என்று சொல்லிவிடட்டுமா? (திருச்சி)

அந்த ஈரத்தை ஒருமுறையாவது தொட்டுப் பார்த்தீர்களா? ஏ.சி. ஓடும்போது கூலிங் காயிலில் சேரும் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாயில் தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பி இதே இடத்தில்தான் விழும். அது வெறும் தண்ணீர், நிறமும் வாசனையும் இருக்காது. மழை பெய்த மறுநாள் மட்டும் ஈரம் என்றால் கண்ணாடிக்குக் கீழே சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் வேறு மாதிரி. வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒற்றினால் பச்சையோ சிவப்போ சாயம் ஏறும், காய்ந்தாலும் விரலில் பிசுபிசுக்கும். ரிசர்வ் டேங்கில் மட்டம் இறங்குகிறதா என்றும் ஒரு வாரம் பாருங்கள். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது. ஏ.சி. குழாயின் அடைப்பை எடுக்கப் பத்து நிமிடம் போதும். டேஷ்போர்டைக் கழற்றுவது அதற்கப்புறம்.

கேள்வி: ஹீட்டர் போட்டால் காருக்குள் இனிப்பு வாசனை. கண்ணாடியில் எண்ணெய் பூசினது போல மங்கல், துடைத்தாலும் போகவில்லை. (குன்னூர்)

கோர்தான், சந்தேகமே வேண்டாம். கூலன்ட் ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது, அதனால்தான் வெறும் துணிக்கு மசியவில்லை. சோப்பு நீரால் கழுவுங்கள். கார்பெட்டையும் அதற்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சையும் வெளியே எடுத்து அலசிக் காயப்போடுங்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாய் நக்கினாலும் குழந்தை வாயில் வைத்தாலும் விஷம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

கேள்வி: ஒழுகினால் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் நிற்கும் என்கிறார்களே? (விருதுநகர்)

மஞ்சள் தூளைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூள் போய் ஓட்டையை மட்டும் தேடி அடைக்காது. ஹீட்டர் கோரின் குழாய்கள் மெல்லியவை, எந்தக் கசடும் அங்கே சீக்கிரம் படியும். கடையில் விற்கும் ‘லீக் ஸ்டாப்’ திரவங்களுக்கும் இதே பதில்தான். நடுவழியில் மாட்டிக்கொண்டு அடுத்த ஊர் வரை போக வேண்டும் என்றால் பரவாயில்லை. ஊர் போனதும் முழுவதும் ஃப்ளஷ் செய்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஹீட்டர் எதற்கு? கோரையே துண்டித்துவிடலாமா? (மதுரை)

தாராளமாக. ஆனால் இரண்டு ஹோஸ்களின் வாயையும் தனித்தனியாக அடைத்துவிடாதீர்கள். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வு) மூடியிருக்கும்போது கூலன்ட் சுற்றி வருவதே இந்த வழியில்தான். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து வளையமாக்குங்கள். கூலன்டுக்கு என்றே விற்கும் ஹோஸ், நல்ல கிளிப், வளைவில் மடங்கக் கூடாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைப் போட்டுக் கொண்டு வந்தவர்களும் உண்டு, சூட்டில் அது கொழகொழத்துப் போகும். பழைய கோருக்குள் மிச்சமிருக்கும் கூலன்டைக் காற்றடித்து வெளியேற்றுங்கள், இல்லையென்றால் அது மாதக்கணக்கில் சொட்டும். ஒரு நஷ்டம் உண்டு. இன்ஜின் சூடேறும்போது ஹீட்டரை முழுசாகத் திறந்து கொஞ்சம் சூட்டை இறக்கும் அவசர வழி இனி இல்லை.

கேள்வி: ஹீட்டர் கோரின் விலையைவிடக் கூலி மூன்று மடங்கு கேட்கிறார்கள். கொள்ளை இல்லையா? (சேலம்)

இல்லை. பெரும்பாலான வண்டிகளில் ஸ்டீயரிங், டேஷ்போர்டு, ஹீட்டர் பெட்டி எல்லாம் வெளியே வந்தால்தான் கோர் கண்ணில் படும். நிதானமாகச் செய்தால் ஒன்றரை நாள் வேலை. காற்றுப்பை உள்ள வண்டி என்றால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். கூலிங் காயிலும் அதே பெட்டியில் இருந்தால் ஏ.சி. கேஸை மெஷினில் இறக்கித் திரும்ப ஏற்ற வேண்டும், ஊரெல்லாம் ஊதவிடக் கூடாது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: பழைய ஹோஸை முறுக்கி இழுக்காமல் நீளவாக்கில் கீறி எடுப்பாரா? முறுக்கினால் கோரின் மூக்கு, அதாவது ஹோஸ் மாட்டும் முனை, உடையும். புதுக் கோரைப் பொருத்தும் முன்பே காற்றழுத்தம் கொடுத்துச் சோதிப்பாரா? சுற்றிலும் புதுப் பஞ்சுப்பட்டை ஒட்டுவாரா? அது இல்லாவிட்டால் காற்று கோரைத் தொடாமல் பக்கவாட்டில் போய்விடும். மூன்றுக்கும் ஆமாம் என்றால் கேட்ட கூலியைக் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு வருடம் முன்புதான் புதுக் கோர் போட்டேன். மறுபடி ஒழுகுகிறது. டூப்ளிகேட் பொருள் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள். எங்கே புகார் செய்வது? கூலன்ட் எல்லாம் தேவையில்லை என்று வீட்டு போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். (திருப்பூர்)

கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருந்தால் மீதியைப் படிக்கும் வேலை மிச்சம். குளியலறைக் குழாயிலும் ஹீட்டர் ராடிலும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பைத்தான் இன்ஜினுக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். சூட்டில் அது பாறையாகப் படிந்து குழாயை அடைக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தை ஊசி ஊசியாகத் துளைக்கும். உங்கள் கோர் அலுமினியம். அந்தக் காலத்துப் பித்தளைக் கோர் என்றால் ஈயப் பற்று வைத்தாவது காப்பாற்றலாம். இதில் பற்றும் நிற்காது, ஓரங்கள் பிளாஸ்டிக் வேறு.

‘நம்ம ஊரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உறையாமல் காப்பது அதன் பாதி வேலைகூட இல்லை. அதில் துரு பிடிக்காமல் தடுக்கும் மருந்து இருக்கிறது, வாட்டர் பம்ப்பின் சீலையும் அது காக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் ஏறும். திறந்த பாத்திரத்திலேயே ஏழெட்டு டிகிரி கூடுதல், ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 125-ஐத் தாண்டும். மே மாதத்தில் நெரிசலில் நிற்பவருக்குத்தான் இது அதிகம் வேண்டும். மூன்று லிட்டர் டிஸ்டில்டு வாட்டரும் மூன்று லிட்டர் கூலன்டும் வாங்கும் செலவுக்கு அஞ்சி, டேஷ்போர்டைக் கழற்றும் செலவை இரண்டாம் முறை ஏற்கிறீர்கள். தெர்மோஸ்டாட்டையும் பிடுங்கி எறிந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கூட்டத்தார் எல்லாரும் அதையும் செய்வார்கள். புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

மருந்தும் சாகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்ற வேண்டும், குறைந்தால் மேலே ஊற்றுவது மாற்றுவதாகாது. நிறம் பார்த்து வாங்காதீர்கள், வண்டியின் கையேடு சொல்லும் வகையைப் பார்த்து வாங்குங்கள். கையில் மல்ட்டிமீட்டர் இருந்தால் ஒரு முள்ளைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைக் கூலன்டிலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினால் கூலன்ட் செத்துவிட்டது, அல்லது எங்கோ எர்த் ஒயர் சரியில்லை. இரண்டும் கோரைத் தின்னும். இதற்கு மூடியைத் திறக்க வேண்டியிருக்கும், ஆகவே மறுபடி சொல்கிறேன்: இன்ஜின் ஆறிய பிறகு. புகாரை மறந்துவிடுங்கள்.

கேள்வி: கோர் மாற்றியாயிற்று. ஹீட்டரில் சூடே வரவில்லை, டேஷ்போர்டுக்குள் களகளவென்று சத்தம். (ஓசூர்)

காற்று மாட்டியிருக்கிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது முன்பக்கம் மேடாக நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிடுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்றதும், பொங்குவதற்கு முன்பே மூடிவிடுங்கள். காற்றை வெளியேற்றும் ஸ்க்ரூ இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். முகத்தை மேலே கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: புதுப்பேட்டையில் பழைய கோர் வாங்கலாமா? (சென்னை)

கதவு வாங்கலாம், சீட் வாங்கலாம். கோர் வேண்டாம்.

கேள்வி: குளிர் பக்கம் திருப்பினாலும் சூடான காற்றுதான் வருகிறது. கோர் மாற்றணுமா? (கரூர்)

வேண்டாம். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கேபிள் கழன்றிருக்கும், அல்லது கோருக்குப் போகும் கூலன்டை நிறுத்தும் வால்வு இறுகியிருக்கும்.

கேள்வி: கோர் லேசாகத்தான் ஒழுகுகிறது. சனிக்கிழமை குடும்பத்தோடு ஊட்டி போகிறோம், ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் எடுத்துப் போனால் சமாளிக்கலாமா? (ஈரோடு)

கூடாது. மலை ஏறும்போது சூடும் அழுத்தமும் கூடினால் லேசான ஒழுகல் பிய்த்துக்கொள்ளும், கொதிக்கும் கூலன்ட் பக்கத்து சீட்டில் இருப்பவர் காலில் கொட்டும். பாதி வளைவில் பதற்றத்தோடு கேனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுடச்சுட மூடியைத் திறப்பீர்கள், அதுதான் எனக்கு இன்னும் பயம். வெள்ளிக்கிழமையே மதுரைக்காரருக்குச் சொன்னதுபோல இரண்டு ஹோஸ்களையும் சேர்த்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. ஊட்டிக் குளிரில் கண்ணாடி மங்கினால் ஏ.சி.யைப் போட்டு ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.