பர்ஸில் கார்டா, கையில் போனா?

கார்டைப் பர்ஸிலேயே வைத்துவிட்டுப் போனிலேயே பணம் கட்டலாமா? வாசகர்களின் கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: அதே வங்கிக் கார்டைத்தான் போனில் ஏற்றி, கடை மிஷினருகே காட்டிப் பணம் கட்டுகிறோம், அதாவது டாப் செய்கிறோம். இதில் பாதுகாப்பு கூடுகிறதா, வெறும் வசதி மட்டும்தானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: பாதுகாப்பு கூடுகிறது. ஆப்பிள் பே, கூகுள் வாலட் போன்றவற்றில் கார்டைச் சேர்க்கும்போது, கடையில் பணம் கட்டுவதற்கு அட்டையில் அச்சிட்ட எண் பயன்படுவதில்லை. அந்தப் போனுக்கென்றே வேறொரு எண் ஒதுக்கப்படுகிறது. இதை டோக்கன் என்பார்கள். கடைக்காரரின் மிஷினுக்குப் போய்ச் சேர்வது இந்த டோக்கனும், அந்த ஒரு பில்லுக்கு மட்டும் செல்லுபடியாகும் ரகசியக் குறியீடும்தான். நாளைக்கு யாராவது கடையின் கம்ப்யூட்டரைக் குடைந்து எடுத்தாலும் அந்த எண்ணை வைத்து வேறெங்கும் பொருள் வாங்க முடியாது.

சிப் கார்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதுவும் ஒவ்வொரு முறையும் புதுக் குறியீட்டைத்தான் உருவாக்குகிறது. கார்டின் ஓட்டை இருப்பது வேறு இரண்டு இடங்களில். ஒன்று பின்பக்கக் காந்தப் பட்டை. அதிலுள்ள தகவல் மாறாதது என்பதால், ஒருமுறை திருட்டுக் கருவியில் இழுபட்டால் நகல் தயார். (2033க்குள் தன் கார்டுகளில் பட்டையே இருக்காது என்று மாஸ்டர்கார்டு அறிவித்திருக்கிறது.) இன்னொன்று, அட்டையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கும் எண்ணும் சிவிவி என்ற பாதுகாப்பு எண்ணும். இணையத்தில் பொருள் வாங்கும்போது அவற்றை ஒவ்வொரு தளத்திலும் தட்டச்சு செய்துகொண்டிருப்பதைவிட, அதே தளத்தில் வாலட் பட்டன் இருந்தால் அதை அழுத்துவது எவ்வளவோ மேல்.

ஆளைச் சரிபார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. கார்டை டாப் செய்தால் ஒரு வரம்புவரை பின் (ரகசிய எண்) கேட்காது. கீழே கிடந்ததைக் கண்டெடுத்தவரும் அதுவரை செலவழிக்கலாம். போன் பெரும்பாலும் கைரேகையோ முகமோ லாக் எண்ணோ கேட்டுவிட்டுத்தான் பணத்தை விடும். பல இடங்களில் கார்டுக்குள்ள டாப் வரம்பு போனுக்கு இல்லாததற்கு இதுவே காரணம்.

கேள்வி: கியூஆர் ஸ்கேன் செய்து பணம் அனுப்புவதும் இதேதானே?
– கல்லூரி மாணவி

பதில்: இல்லை. இரண்டுமே போன்தான், ஆனால் பணம் போகும் பாதை வேறு. டாப் செய்யும்போது வேலை செய்வது உங்கள் கார்டு. ஸ்கேன் செய்யும்போது பெரும்பாலும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தோ வாலட் இருப்பிலிருந்தோ பணம் நேராக எதிராளிக்குப் போய்விடுகிறது. வாங்கிய பொருள் வந்து சேரவில்லை, உடைந்து வந்தது என்றால் கிரெடிட் கார்டில் வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கேட்க வழி உண்டு. சார்ஜ்பேக் என்பது அதுதான். கார்டைப் போனில் ஏற்றி டாப் செய்திருந்தாலும் அந்த உரிமை போகாது. கணக்கிலிருந்து நேராக அனுப்பிய பணத்தை அப்படி மீட்பது குதிரைக்கொம்பு. ஆகவே, முன்பணம் கட்டிவிட்டுப் பல நாள் காத்திருந்து வாங்கும் பெரிய பொருளுக்கு ஸ்கேன் வேண்டாம்.

ஸ்கேன் செய்தபின் திரையில் வரும் பெயரைப் படித்த பிறகே பின் எண்ணைப் போடுங்கள். கடையின் கியூஆர்மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ‘உங்களுக்குப் பணம் வர வேண்டும், பின் எண்ணைப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் போனது உங்கள் பணம்.

கேள்வி: சில நேரம் முதல் தடவையிலேயே டாப் ஆகிறது, சில நேரம் மூன்று முறை வைத்தாலும் ஆவதில்லை. போன் கோளாறா?
– கணக்கு எழுதுபவர்

பதில்: பெரும்பாலும் வைக்கும் இடம்தான் தப்பு. டாப்புக்கு உதவும் என்எஃப்சி அலை சுமார் 4 செ.மீ. தூரத்துக்குத்தான் எட்டும். அதற்கான ஆன்டெனா ஐபோனில் மேல் விளிம்பில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் முதுகின் நடுவிலோ கேமராவுக்குக் கீழேயோ இருக்கும். மிஷினில் அலைக்குறி போட்ட இடத்தில் அந்தப் பகுதியை வைத்து, ஒலி வரும்வரை ஓரிரு விநாடி அசைக்காமல் பிடியுங்கள். டாப் என்ற பெயரை நம்பிச் சட்டென்று தட்டிவிட்டு எடுத்துவிடுவதால்தான் பாதித் தோல்வி.

அடுத்த சந்தேகம் கவர். உலோகக் கவரும், காரில் மாட்டுவதற்காகப் பின்னால் ஒட்டும் இரும்புத் தகடும் அலையை மறிக்கும். கவருக்குள் ஒரு டாப் கார்டைச் செருகி வைத்திருந்தால் இன்னும் குழப்பம். மிஷினுக்குப் போனும் கார்டும் ஒரே நேரத்தில் தெரியும். ஒன்று, எதையும் எடுக்காமல் பிழை காட்டும். இல்லாவிட்டால் நீங்கள் நினைக்காத கார்டிலிருந்து பணத்தை எடுத்துவிடும்.

ஆண்ட்ராய்டில் இன்னும் இரண்டைப் பாருங்கள். பேட்டரி சேமிப்புக்காக என்எஃப்சியை அணைத்துவிட்டு மறந்திருக்கலாம். அல்லது செட்டிங்ஸில் டாப் செய்வதற்கான முதன்மை ஆப்பாக வேறு ஏதோ ஒன்று தேர்வாகியிருக்கலாம். புதிதாக ஒரு பேமென்ட் ஆப் போட்டபின் டாப் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ரூட் செய்த, அதாவது ஆண்ட்ராய்டின் உள்கட்டுப்பாடுகளை உடைத்துத் திறந்த போனில் கூகுள் வாலட் டாப் வேலை செய்யாது.

கேள்வி: இணைப்போ சார்ஜோ இல்லாவிட்டால்?

பதில்: இணையம் தேவைப்படுவது கடையின் மிஷினுக்கு. போனுக்கு அந்த நேரத்தில் இணைப்பு கட்டாயமில்லை. ஆனால் கூகுள் வாலட் சில பரிவர்த்தனைகளுக்கான சாவிகளை மட்டுமே முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்ளும். அவை தீர்ந்தால் ஒருமுறை இணையத்தோடு சேர்த்தாக வேண்டும். சார்ஜ் போனால் கடையில் ஒன்றும் நடக்காது. ஐபோன் எக்ஸ்எஸ் முதலான மாடல்களில், எக்ஸ்பிரஸ் பயணக் கார்டாக (ரயில், பேருந்தில் பூட்டைத் திறக்காமலே டாப் செய்ய) குறித்து வைத்தது மட்டும் போன் அணைந்த பிறகும் அதிகபட்சம் 5 மணி நேரம் வரை வேலை செய்யக்கூடும். வீடு திரும்ப உதவும், பில் கட்ட உதவாது.

கேள்வி: போன் திருடுபோனால் எல்லாமே போய்விடாதா? கார்டு போனால் அது ஒன்றோடு முடிந்துவிடுமே.
– இல்லத்தரசி

பதில்: நியாயமான பயம். ஆனால் பணம் கட்டும் விஷயத்தில் நிலைமை தலைகீழ். டோக்கன் போனுக்குத்தானே தவிர கார்டுக்கு அல்ல. போனின் டோக்கனை முடக்கினாலும் பர்ஸில் உள்ள கார்டு வழக்கம்போல ஓடும்.

முதலில் வேறொரு போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ உங்கள் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் நுழைந்து, போனைத் தொலைந்ததாகக் குறித்துப் பூட்டுங்கள். ஐபோன் அப்போது ஆஃப்லைனில் இருந்தாலும் அதன் ஆப்பிள் பே முடங்கும். தடை விழுவது போனில் அல்ல, டோக்கனை ஏற்கும் பக்கத்தில். அடுத்து வங்கியை அழைத்து, “இந்தப் போனில் ஏற்றிய டோக்கனை மட்டும் நீக்குங்கள்” என்று சொல்லுங்கள். அதோடு நிற்காமல் சிம்மையும் முடக்குங்கள். திருடியவர் அதைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கேதான் போகும். சிம்முக்குப் பின் எண் போட்டு வைத்திருந்தால் இந்தக் கவலை குறையும். யாரோ செய்யும் வேலை என்று பலரும் இதைச் செய்வதே இல்லை!

போனின் உண்மையான பலவீனம் லாக் எண். கைரேகை ஒத்துவராதபோது போன் கேட்பது அந்த எண்ணைத்தான். அதைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுப் போனைப் பறிப்பவருக்கு எல்லாக் கதவும் திறக்கும். 4 இலக்கத்தை விட்டு 6 இலக்கத்துக்காவது மாறுங்கள். வங்கி ஆப்பின் பின் எண்ணும் அதுவாகவே இருக்கக் கூடாது.

கேள்வி: கார்டு என் கையில்தான் இருந்தது. போனில் ஏற்றவும் இல்லை. ஆனாலும் யாரோ என் கார்டால் கடைகளில் டாப் செய்து வாங்கியிருக்கிறார்கள். எப்படி?

பதில்: மோசடிக்காரரின் போனில் உங்கள் கார்டு ஏறியிருக்கிறது. இப்போது நடக்கும் மோசடிகளில் கவனமாக இருக்க வேண்டியது இதில்தான். ‘பார்சல் நின்றுவிட்டது’, ‘அபராதம் பாக்கி’ என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அதிலுள்ள போலித் தளத்தில் சிறு தொகை கட்டுவதற்காகக் கார்டு எண்ணை அடிப்பீர்கள். உடனே ஓடிபி வரும். அது அந்தச் சிறு தொகைக்கானது என்று நினைத்து அதையும் அடிப்பீர்கள். உண்மையில், அதே நிமிடம் மோசடிக்காரர் தன் போனின் வாலட்டில் உங்கள் கார்டைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஓடிபி அதற்கானது. அதன்பின் அவருக்கு உங்கள் ஓடிபியும் வேண்டாம், பின்னும் வேண்டாம். அவருடைய கைரேகையே போதும்.

ஓடிபி செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல் வரியை முழுக்கப் படியுங்கள். வாலட்டில் சேர்க்க, புதிய சாதனம் என்பதுபோல எதுவும் இருந்தால், நீங்கள் செய்யாதவரை யாரிடமும் எதிலும் அந்த எண்ணைத் தராதீர்கள். ஏற்கெனவே நடந்துவிட்டால் கார்டை மாற்றிக் கேட்பதோடு விடாதீர்கள். கார்டு எண் மாறும்போது பழைய டோக்கன்கள் தானாகவே புதிய எண்ணோடு இணைந்துகொள்ளக்கூடும். மறதியில்லாமல் வேலை செய்யட்டும் என்று செய்த வசதி, இங்கே திருடனுக்கும் பயன்படும். ஆகவே இந்தக் கார்டில் உள்ள எல்லா டோக்கன்களையும் பட்டியலிட்டு நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போனால் பில்லில் உள்ள கடைசி 4 எண்களும் என் கார்டும் ஒத்துப்போகவில்லை என்கிறார்கள்.

பதில்: பில்லில் அச்சாகியிருப்பது டோக்கனின் கடைசி 4 எண்கள். வாலட்டில் அந்தக் கார்டின் விவரப் பக்கத்தைத் திறந்தால் அந்த எண் தெரியும், அதைக் காட்டுங்கள். மிஷினில் மறுபடி டாப் செய்யச் சொன்னால், வாங்கிய அதே போனையே வையுங்கள்.

ரயிலிலும் பேருந்திலும் ஏறும்போதும் இறங்கும்போதும் டாப் செய்யும் இடங்களில் இதே சிக்கல்தான். போனில் ஏறிக் கார்டில் இறங்கினால் இரண்டு அரைகுறைப் பயணமாகக் கணக்காகிக் கூடுதலாகப் பிடிக்கப்படலாம். கைக்கடிகாரத்துக்கும் தனி டோக்கன் உண்டு, அதையும் கலக்காதீர்கள்.

கேள்வி: கடைசியாக, கார்டை வீட்டிலேயே வைத்துவிடலாமா?

பதில்: அன்றாடக் கடைக்குப் போன் போதும். வாடகைக் காருக்கும் விடுதிக்கும் முன்தொகை பிடித்து வைக்கும்போது பல இடங்களில் அட்டையையே கேட்பார்கள். போனிலேயே பழகியவர்கள் அந்த நேரத்தில்தான் கார்டின் பின் எண் மறந்துபோய் நிற்பார்கள். மாதம் ஒருமுறையாவது கார்டைச் செருகிப் பின் எண் போட்டு ஏதாவது வாங்குங்கள். வெளியே போகும்போது அது பர்ஸில் இருக்கட்டும், போன் கவரில் வேண்டாம்.