168 பேர் ஒரு பேரரசைப் பிடித்தார்களா? ஸ்பானியர் ஆட்சி பற்றிய கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர் ஆட்சி பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரிய கேள்விகளுக்குப் பதிலும் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெறும் 168 பேரை வைத்துக்கொண்டு ஸ்பானியத் தளபதி பிசாரோ தென் அமெரிக்காவின் இன்கா பேரரசையே பிடித்தார் என்கிறார்களே, நம்பலாமா சார்?

எண்ணிக்கை சரிதான். ஆனால் 1532 நவம்பர் 16 அன்று பெருவின் கஹமார்க்கா நகரில் அவர்கள் பிடித்தது அரசனை மட்டும்தான். அந்த அரசர் அதாவல்பா அப்போதுதான் தன் மாற்றாந்தாய் சகோதரர் வாஸ்கரோடு நடந்த உள்நாட்டுப் போரில் ஜெயித்திருந்தார். தோற்ற தரப்புக்கு ஸ்பானியர் கைக்கு வந்த ஆயுதம். இன்காக்களிடம் அடிபட்டிருந்த கான்யாரி போன்ற இனத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். அதாவல்பாவை விடுவிக்க ஓர் அறை நிறையப் பொன்னும், அதைப் போல இரண்டு பங்கு வெள்ளியும் பேசினார்கள். குவிந்ததை உருக்கிப் பங்கு போட்டுக்கொண்டு, 1533-ல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் வில்கபம்பா மலைக்காட்டில் இன்கா அரசு 1572 வரை தாக்குப்பிடித்தது.

மெக்சிகோவிலும் இதே கதைதான். 1520 ஜூன் 30 இரவு அஸ்டெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லானிலிருந்து உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்த ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் அவர்களின் பரம எதிரிகளான த்லஷ்கலா மக்கள். அடுத்த ஆண்டு நகரை முற்றுகையிட்ட படையிலும் பெரும்பான்மையினர் உள்ளூர்க்காரர்களே.

கேள்வி: மக்களைக் கொன்றது பெரியம்மைதானே? கிருமிக்கு ஸ்பானியரைக் குறை சொல்வது என்ன நியாயம்?

அடிக்கடி வரும் கேள்வி. எனக்குக் கொஞ்சம் எரிச்சலூட்டும் கேள்வியும்கூட. நோய்தான் மிகப் பெரிய கொலையாளி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கரீபியன் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவில் என்ன நடந்தது என்று வரிசையாகப் பாருங்கள்.

1492-ல் கொலம்பஸ் அங்கே இறங்குகிறார். 1495 வாக்கில் அத்தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள் மீது வரி விதிக்கிறார். பொன் கிடைக்கும் சிபாவோ பகுதியில் 14 வயது தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நிறையப் பொன்தூள் கட்ட வேண்டும். வேட்டைப் பருந்தின் காலில் கட்டுகிற குட்டி மணி அது. பண்டமாற்றுக்கென்று ஸ்பானியர் கொண்டுபோய்க் கொடுத்த அதே மணியே வரி அளக்கும் படியாகிவிட்டது. ஆற்று மணலில் அவ்வளவு பொன் கிடையாது. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று சலித்தால் மரவள்ளியை யார் நடுவது? பஞ்சம் வந்தது. பலர் மலைக்கு ஓடினார்கள். அப்புறம் ஊர் ஊராக மக்களைக் குடியேறிகளிடம் வேலைக்கு ஒப்படைக்கும் 'என்கொமியெந்தா' முறை வந்தது. 1514-ல் ஆட்களைப் பங்கிட்டபோது கணக்கில் வந்தவர்கள் சுமார் 26,000 பேர்தான். முன்பு இருந்த தொகையை எவ்வளவு குறைத்துக் கணித்தாலும் இதைப் போலப் பல மடங்கு வரும்.

பெரியம்மை அந்தத் தீவில் பரவியதாகப் பதிவாவது 1518-ன் கடைசியில். அதற்குள் தைனோ சமூகம் ஏறக்குறைய அழிந்தே விட்டது.

நோய் வந்த இடத்திலும் நோய் மட்டும் கொல்லவில்லை. 1520-ல் மெக்சிகோவில் பரவிய அம்மையைப் பற்றி அஸ்டெக்குகளின் நவாட்டில் மொழியில் எழுதிவைத்திருக்கிறார்கள்: படுத்தவர்களால் புரளக்கூட முடியவில்லை, உணவு சமைத்துக் கொடுக்க ஆளில்லாமல் பலர் பசியிலேயே செத்தார்கள். ஓய்வும் கஞ்சியும் கிடைத்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். அந்த இரண்டையும் பிடுங்கியது கிருமி அல்ல.

கேள்வி: பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் அடிமைகளா வேலை செய்தார்கள்?

சட்டப்படி அடிமைகள் இல்லை, கொஞ்சம் கூலியும் உண்டு. பொலிவியாவில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் 1545-ல் கண்டுபிடித்த சுரங்கம் அது. 1570-களில் ஸ்பெயின் அரசரின் பிரதிநிதியாக ஆண்ட வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ, ஊர்கள் முறைவைத்து ஆள் அனுப்பும் 'மீத்தா' முறையைக் கட்டாயமாக்கினார். 16 மாகாணங்களில் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஓராண்டு அங்கே போயாக வேண்டும், ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர். தொலைதூர ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு, லாமாக்களை ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள். இன்காக்கள் காலத்திலும் மீத்தா இருந்தது. ஆனால் வேலை வாங்கும் அரசன் சாப்பாடும் சோளக் கள்ளும் கொடுத்து உபசரிக்கும் கடமையும் அப்போது இருந்தது. ஸ்பானியர் வேலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

சுரங்கத்துக்குள் தோல் வாரை முறுக்கிச் செய்த ஏணிகள். ஒரு பக்கம் இறங்குவார்கள், மறுபக்கம் ஏறுவார்கள். முன்னால் போகிறவரின் கட்டைவிரலில் மெழுகுவர்த்தி கட்டியிருக்கும். இருபது கிலோவுக்கு மேல் வெள்ளிப் பாறையைப் போர்வையில் முடிந்து, மார்பில் முடிச்சிட்டு முதுகில் சுமந்தபடி இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். வெள்ளியைப் பிரிக்கத் தேவையான பாதரசம் பெருவின் வான்கவெலிகாவிலிருந்து வந்தது. அதன் புகையில் உழைத்தவர்கள் கை கால் நடுங்கிச் செத்தார்கள்.

மீத்தாவுக்குப் பயந்து சொந்த ஊர், நிலம் எல்லாவற்றையும் விட்டு ஓடிப்போனவர்கள் ஏராளம். ஓடியவர்களின் பங்கும் ஊரில் மிச்சமிருந்தவர்கள் தலையில் விழுந்தது. 1812-ல்தான் சட்டத்தில் இதை ரத்து செய்தார்கள்.

கேள்வி: ஸ்பெயின்காரர்களிலேயே யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். 1511 டிசம்பரில் அதே ஹிஸ்பானியோலா தீவின் சாந்தோ தொமிங்கோ நகரில் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற பாதிரியார், பழங்குடி மக்களைக் காட்டி 'இவர்கள் மனிதர்கள் இல்லையா?' என்று குடியேறிகளின் முகத்துக்கு நேராகக் கேட்டார். லாஸ் காஸாஸ் என்ற இன்னொரு பாதிரியார் வாழ்நாள் முழுக்கப் போராடினார். ஆனால் ஆரம்பத்தில் அவரே, பழங்குடிகளுக்குப் பதில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவர். பின்னாளில் அதற்காக வருந்தினார்.

1542-ல் அரசர் என்கொமியெந்தாவை ஒடுக்கச் சட்டம் போட்டார். பெருவிலிருந்த குடியேறிகள் கலகம் செய்து, அமல்படுத்த வந்த வைஸ்ராயின் தலையையே 1546-ல் போர்க்களத்தில் வெட்டினார்கள். அரசர் பின்வாங்கினார். நல்ல சட்டங்களுக்குக் குறைவே இல்லை. வெள்ளி வந்துகொண்டிருக்கும்வரை அவற்றை அழுத்திப் பிடிக்கத்தான் ஆளில்லை.

கேள்வி: நம் பக்கம் இதனால் ஏதாவது பாதிப்பு உண்டா? மிளகாய் தவிர!

மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரடித் தொடர்பு வெள்ளிதான். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களும் சென்னையில் ஆங்கிலேயர்களும் துணி வாங்கக் கொண்டுவந்த வெள்ளியில் பெரும்பகுதி ஸ்பானிய அமெரிக்கச் சுரங்கங்களில் எடுத்தது.

கேள்வி: பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் யாராவது எழுதியிருக்கிறார்களா?

வாமன் போமா என்று ஒருவர். பெருவின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். 1615 வாக்கில் ஸ்பெயின் அரசருக்கு ஏறத்தாழ 1,200 பக்கத்தில் ஒரு முறையீடு எழுதினார், கிட்டத்தட்ட 400 படங்களோடு. அரசர் அதைப் படித்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. 1908-ல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கண்டெடுத்தார்கள். இப்போது முழுவதையும் அந்த நூலகமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்பானிஷ் தெரியாவிட்டால் பரவாயில்லை, படங்களைப் பாருங்கள். தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பாதிரியார் கொடுமைப்படுத்தி நெய்ய வைக்கும் படத்துக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.